கனடாவின் ஆளுநர் நாயகம் இலக்கிய விருது: ஒரே ஆண்டில் இரண்டு நாவல்கள் எப்படி வென்றன?

புத்தகப்புழு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

ரொறன்ரோவில் நாங்கள் நடத்தும் சிறிய வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் கிம் துய் எழுதிய 'ரு' நாவலை எடுத்திருக்கிறோம். வியட்நாமிலிருந்து பத்து வயதில் படகேறி, மலேசிய அகதி முகாமில் காத்திருந்து, கடைசியில் கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கின் கிரான்பி நகரத்துக்கு வந்து சேரும் ஒரு சிறுமியின் நினைவுகள் அதில் துண்டு துண்டாக வருகின்றன. படகு, முகாம், முதல் பனி, புரியாத மொழி ஆகிய நான்கையும் எங்கள் வட்டத்தில் எவருக்கும் அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியதில்லை.

கூட்டத்துக்கான அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னுடையது. '2010ஆம் ஆண்டின் சிறந்த ஆங்கில நாவலுக்கான ஆளுநர் நாயகம் இலக்கிய விருதைப் பெற்ற கிம் துய்யின் ரு' என்று எழுதி அனுப்பியும் விட்டேன். மறுநாள் உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அந்த ஆண்டு ஆங்கில நாவலுக்கான விருதைப் பெற்றவர் டயான் வாரன் என்றும், நூலின் பெயர் 'கூல் வாட்டர்' என்றும், நான் இல்லாத விருதை எழுதி வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். என் கையில் இருந்த நூலகப் பிரதியைத் திறந்து பார்த்தேன். ஆசிரியர் குறிப்பில் விருது உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஆங்கிலப் பிரதி 2012இல் வெளியானது. 2012இல் வந்த புத்தகம் 2010இல் எப்படி விருது பெற்றிருக்கும் என்பது அதைவிடப் பெரிய குழப்பமாகிவிட்டது.

ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் ஒரே நடுவர் குழுதானா, ஒரு மொழியில் வென்ற நூல் மற்ற மொழிக்குப் பெயர்க்கப்படும்போது மறுபடியும் போட்டியில் நிற்குமா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். இன்னொரு காரியமும் உண்டு. முப்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் இருந்து தமிழில் மட்டும் சிறுகதை எழுதிவரும் அக்கா ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். அவருடைய தொகுப்பொன்றை இப்போது ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதை இந்த விருதுக்கு அனுப்ப வழியுண்டா என்று அவர் கேட்கச் சொன்னார்.

இருமொழிவாசி எழுதியது:

வணக்கம். நான் மொன்றியலில் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவள். ஆண்டுதோறும் இந்த விருதின் பட்டியலைப் பார்த்து நாங்கள் அலுவலகத்தில் பந்தயம் கட்டுவது வழக்கமாதலால், ஓரளவு சொல்ல முடியும்.

உங்கள் குழப்பம் முழுவதும் 'விருது' என்ற ஒருமைச் சொல்லில் இருக்கிறது. பெயரில் ஒன்றாக இருந்தாலும், நடைமுறையில் இது முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு விருதுகள். நாவலும் சிறுகதையும் சேர்ந்த புனைவு, கற்பனை சாராத நூல்களான அபுனைவு, கவிதை, நாடகம், இளையோர் இலக்கியத்தில் எழுத்து, அதே இளையோர் இலக்கியத்தில் படநூல், மொழிபெயர்ப்பு என்று ஏழு பிரிவுகள் உள்ளன. இந்த ஏழும் ஆங்கிலத்தில் ஒரு முறை, பிரெஞ்சில் ஒரு முறை வருவதால் மொத்தம் பதினான்கு நூல்கள் வெல்கின்றன. ஆங்கில நாவல்களை வாசிக்கும் நடுவர்கள் வேறு, பிரெஞ்சு நாவல்களை வாசிக்கும் நடுவர்கள் வேறு. நடுவர்கள் அனைவரும் அந்தந்தத் துறையில் எழுதுபவர்கள், வரைபவர்கள், பெயர்ப்பவர்கள். ஆங்கிலக் குழுவின் முடிவைப் பிரெஞ்சுக் குழு பார்ப்பதில்லை, பிரெஞ்சுக் குழுவின் முடிவில் ஆங்கிலக் குழு தலையிடுவதும் இல்லை. ஆகவே 2010இல் டயான் வாரன் ஆங்கிலப் புனைவுக்கும், கிம் துய் பிரெஞ்சுப் புனைவுக்கும் வென்றார்கள். உங்கள் உறுப்பினர் சொன்னதும் சரி, உங்கள் பிரதியில் இருப்பதும் சரி. நீங்கள் அறிவித்தலில் எழுதிய 'ஆங்கில நாவலுக்கான' என்ற இரு சொற்கள்தாம் தவறு.

'ரு' 2009இல் பிரெஞ்சில் வெளியான நூல். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சிற்றோடை என்று பொருள். கண்ணீரோ இரத்தமோ பணமோ ஒழுகி ஓடுவதையும் அதனால் குறிப்பார்கள். வியட்நாமிய மொழியில் அதே ஒலிக்குத் தாலாட்டு என்று பொருள். இரு மொழியில் ஒரே நேரத்தில் நிற்கும் இந்தத் தலைப்பை ஆங்கிலத்தில் என்ன செய்வது? ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சரியான முடிவென்றே நினைக்கிறேன். 'விட்டிருக்கிறார்கள்' என்று நான் பன்மையில் மழுப்புவதும் நியாயமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் எழுதியவர் ஷீலா ஃபிஷ்மன் என்பவர். உங்கள் அறிவித்தலில் அவர் பெயர் இல்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை; தொழில் புத்தி, கண்ணில் பட்டுவிட்டது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பிரெஞ்சில் எழுதப்பட்ட நாவல் ஆங்கிலத்துக்கு வந்தால், ஆங்கிலப் புனைவுப் பிரிவில் அது போட்டியிட முடியாது. அது செல்லக்கூடிய இடம் மொழிபெயர்ப்புப் பிரிவு ஒன்றுதான், அங்கே பரிசு பெறுபவரும் மொழிபெயர்ப்பாளர்தான். இந்தப் பிரிவின் பெயரில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 'ஆங்கில மொழிபெயர்ப்பு' என்றால் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'பிரெஞ்சு மொழிபெயர்ப்பு' என்றால் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. மூல ஆசிரியரும் கனடியராக இருக்க வேண்டும். ஃபிஷ்மன் நூற்றுக்கும் மேற்பட்ட கியூபெக் நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். பலமுறை இறுதிப்பட்டியலில் இடம்பெற்ற அவர் இந்த விருதைப் பெற்றது 1998இல், மிஷெல் திரொம்ப்ளேயின் நூலொன்றுக்காக.

ஒப்பிட்டுப் பார்க்க கில்லர் பரிசை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1994இல் தொடங்கிய தனியார் பரிசு, ஆங்கிலப் புனைவுக்கு மட்டும் உரியது. ஆனால் ஆங்கிலத்துக்கு வந்துவிட்ட பிரெஞ்சு நாவலை அது மூல நாவல்களோடு சமமாக உட்கார வைக்கும். அதனால்தான் 2012இல் ஆங்கில 'ரு' கில்லர் இறுதிப்பட்டியலில் இருந்தது. ஒரே புத்தகம் ஒரு பரிசில் நாவலாகவும் மற்றொரு பரிசில் மொழிபெயர்ப்பாகவும் எண்ணப்படுவது வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு ஆளுநர் நாயகம் விருதின் முறையே பிடிக்கும், காரணம் வெளிப்படை: அங்கே எங்கள் தொழிலுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, 2007 முதல் ஒவ்வொரு பிரிவிலும் வெல்பவருக்கு 25,000 டொலர். இறுதிப்பட்டியலில் நின்று வெல்லாதவர்களுக்குத் தலைக்கு 1,000 டொலர். வென்ற நூலை விளம்பரப்படுத்துவதற்காகப் பதிப்பகத்துக்கு 3,000 டொலர்.

பழைய ஏடு எழுதியது:

இருமொழிவாசி அவர்களின் விளக்கத்துக்குப் பின்கதை ஒன்று உண்டு. 'முதுகோடு முதுகு' என்று அவர் சொன்ன அமைப்பு தொடக்கத்தில் இல்லை. தொடக்கத்தில் ஒரே முதுகுதான், அதுவும் ஆங்கில முதுகு.

விருதைத் தொடங்கி வைத்தவர் ட்வீட்ஸ்முயர் பிரபு. ஆளுநர் நாயகமாக வருவதற்கு முன் அவர் ஜோன் பக்கன் என்ற பெயரில் துப்பறியும் கதைகளும் வீரதீரக் கதைகளும் எழுதிப் புகழ்பெற்ற ஸ்கொட்லாந்து எழுத்தாளர். ஹிட்ச்கொக் படமாக்கிய 'முப்பத்தொன்பது படிகள்' அவருடைய நாவல். (ஆளுநர் நாயகம் என்ற சொல் புதிதாக ஒலிக்கும் மூத்தவர்களுக்கு: இலங்கையில் 1972 வரை மகாதேசாதிபதி என்று நாம் சொல்லிவந்த அதே பதவிதான் இது.) எழுத்தாளர் ஒருவர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, கனடா எழுத்தாளர் சங்கம் அவருடைய பதவியின் பெயரில் விருதொன்றை ஏற்படுத்திக்கொண்டது. 1936இல் வெளியான நூல்களுக்கு 1937இல் முதல் விருதுகள் வழங்கப்பட்டன. பரிசுப் பணம் கிடையாது, பதக்கம் மட்டுமே. சங்கத்தில் இருந்தவர்கள் தங்கள் நேரத்தைச் செலவிட்டு நடத்திய காரியம் அது.

பிரெஞ்சில் எழுதியவர்கள் அப்போது என்ன செய்தார்கள்? அவர்களுடைய நூல் யாராவது ஒருவரால் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டால், அந்த ஆங்கில நூல் ஆங்கில நூல்களோடு போட்டியிடலாம். பெயர்க்கப்படாவிட்டால் இல்லை. இதன் விளைவைக் காப்ரியேல் ருவாவின் முதல் நாவலில் பார்க்கலாம். மொன்றியலின் சான் ஹென்றி என்ற தொழிலாளர் குடியிருப்பில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், வாடகை கட்ட முடியாமல் ஆண்டுதோறும் வீடு மாறும் குடும்பத்தின் கதை அது. 1945இல் பிரெஞ்சில் வெளியாகி, 1947இல் பாரிஸில் ஃபெமினா பரிசையும் பெற்றது. ஆனால் சொந்த நாட்டின் விருது 'த டின் ஃப்ளூட்' என்ற ஆங்கில வடிவத்துக்குத்தான், 1947ஆம் ஆண்டின் சிறந்த நாவல் என்று கிடைத்தது. அதே ஆசிரியர் 1957இலும் அவ்வாறே ஆங்கில வடிவம் ஒன்றுக்காக வென்றார். பிரெஞ்சில் எழுதிய நூலுக்குப் பிரெஞ்சு நூலாகவே அவருக்கு விருது கிடைத்தது 1977இல், மூன்றாவது முறை. அந்த நூலின் களம் அவர் ஆசிரியையாக வேலை பார்த்த மானிடோபாப் பள்ளிக்கூடங்கள்.

இருமொழிவாசி அவர்களே, கில்லர் இன்று செய்வதைத்தான் இந்த விருது அன்று செய்துகொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்துக்கு வந்த பிரெஞ்சு நாவலுக்குச் சம ஆசனம் தந்தார்கள். வராத நாவலுக்கு வாசலே இல்லை.

மாற்றம் 1959இல் வந்தது. நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1957இல் நிறுவப்பட்ட கனடா கலை மன்றம் விருதைப் பொறுப்பேற்றுப் பணமும் கொடுத்துப் பிரெஞ்சுப் பிரிவுகளையும் சேர்த்தது. பிரெஞ்சுப் புனைவுக்கான முதல் விருதை ஆந்த்ரே ஜிரூ பெற்றார். அதே ஆண்டு ஆங்கிலப் புனைவில் வென்றவர் ஹியூ மக்லெனன், அது அவருடைய ஐந்தாவது ஆளுநர் நாயகம் விருது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே நாட்டில் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்வதைச் சொல்லும் 'இரு தனிமைகள்' என்ற தொடர் இன்றைக்கும் கனடிய அரசியல் பேச்சில் புழங்குகிறதே, அது அவருக்கு 1945ஆம் ஆண்டின் விருதை வாங்கித் தந்த நாவலின் தலைப்பு. அவர் அந்தத் தலைப்பை வைத்த காலத்தில் விருதே ஒரு தனிமையில்தான் இருந்தது!

பிரிவுகள் பின்னர் ஒவ்வொன்றாகப் பெருகின. கவிதையோடு ஒட்டியிருந்த நாடகம் 1981இல் தனியாகப் பிரிந்தது. இளையோர் இலக்கியமும் மொழிபெயர்ப்பும் 1987இல் சேர்ந்தன.

எதிர்க்கரை எழுதியது:

மேலே இருவரும் சொன்னவற்றில் தகவல் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாசிப்பவர்களுக்கு, 1959இல் பிரெஞ்சுப் பிரிவைச் சேர்த்ததும் எல்லாம் சுமுகமாகிவிட்டது என்ற எண்ணம் ஏற்படக்கூடும். நடந்தது அதற்கு நேர்மாறு. வாசல் திறந்த பிறகுதான் உள்ளே வர மாட்டோம் என்று சொன்னவர்கள் கிளம்பினார்கள்.

இந்த விருதின் பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. ஆளுநர் நாயகம் என்பவர் முடியாட்சியின் பிரதிநிதி. கியூபெக் தனிநாடாக வேண்டும் என்று அறுபதுகளில் பேசிய எழுத்தாளருக்கு, பிரித்தானிய முடியின் பிரதிநிதி கையால் பரிசு வாங்குவது எப்படி இருந்திருக்கும்? தனிநாட்டு இயக்கத்தில் தீவிரமாக இருந்த உபேர் அகேன், 1968ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புனைவு விருதை வேண்டாம் என்றார். 1970 ஒக்டோபரில் போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தைக் கொண்டுவந்து, கியூபெக்கில் நூற்றுக்கணக்கானவர்களை விசாரணையின்றிப் பிடித்து அடைத்தார்கள். அந்த ஆண்டின் விருதைக் கவிஞர் ஃபெர்னான் ஊலெத் மறுத்தார். அவரே பின்னர் 1985இலும் 1987இலும் இதே விருதை ஏற்றுக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. மறுப்பையும் ஏற்பையும் ஒரே அளவுகோலால் அளந்து அவரை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை, ஏனெனில் பதினைந்து ஆண்டுகளில் மனிதரும் மாறலாம், கியூபெக்கும் மாறியிருந்தது.

ஆங்கிலப் பக்கத்திலும் ஒருவர் மறுத்தார். அதுவும் மொன்றியல்காரர், அதுவும் அகேன் மறுத்த அதே 1968ஆம் ஆண்டு விருதை: லெனர்ட் கோஹன். தனக்குள் இந்தக் கௌரவத்துக்கு ஏங்கும் பகுதி பெரிதாகவே இருந்தாலும், கவிதைகள் அதற்கு இடம் தரவே மறுக்கின்றன என்ற பொருளில் அவர் செய்தி அனுப்பினார். அவர் அரசியலைச் சொன்னாரா, கவிதையைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அகேனின் மறுப்பில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. அதே ஆண்டில்தான் அலிஸ் மன்றோ தன் முதல் தொகுப்புக்காக முதன்முறையாக இந்த விருதைப் பெற்றார் என்பதும் குறிப்பிடத்தக்கது. பின்னர் 1978இலும் 1986இலும் பெற்றார். நோபல் பரிசு அதற்கெல்லாம் வெகுகாலம் பிந்தியது.

இன்னொரு வழக்கையும் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் 'இரண்டு போட்டி, நடுவில் மொழிபெயர்ப்புப் பிரிவு' என்று இருமொழிவாசி வரைந்த சுத்தமான கோட்டை அழித்துக் காட்டியது அதுதான். நான்சி ஹியூஸ்டன் கல்கரியில் பிறந்தவர், தாய்மொழி ஆங்கிலம். எழுபதுகளில் பாரிஸ் போனவர், அங்கேயே தங்கிப் பிரெஞ்சில் எழுதத் தொடங்கினார். பல ஆண்டுகள் கழித்து, தான் பிறந்த ஆல்பர்ட்டாச் சமவெளியைப் பற்றி எழுத முனைந்தபோது ஆங்கிலம் தானாக வந்தது. 'ப்ளெயின்சோங்' என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்து, பிறகு தானே அதைப் பிரெஞ்சில் எழுதினார். 1993இல் அந்தப் பிரெஞ்சு வடிவத்துக்குப் பிரெஞ்சுப் புனைவுக்கான விருது கிடைத்தது.

கியூபெக் பதிப்பாளர்கள் சிலர் கொதித்துப் போனார்கள். இது ஆங்கிலத்தில் பிறந்த நாவல், ஆகையால் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பை மூலநூல்களோடு நிறுத்தியது தவறு என்பது அவர்கள் வாதம். தான் பெயர்க்கவில்லை, இரண்டாம் முறை எழுதினேன் என்பது ஆசிரியரின் பதில். விருது திரும்பப் பெறப்படவில்லை. என் சாய்வு ஆசிரியர் பக்கம்தான். ஒரு வாக்கியத்தைப் பிறர் எழுதியிருந்தால் மொழிபெயர்ப்பாளர் அதை மாற்ற அஞ்சுவார். தானே எழுதியதென்றால் இரண்டாம் மொழியில் அது நொண்டும்போது தூக்கி எறிந்துவிட்டு வேறு எழுதுவார், அதைத் தடுக்க எவரும் இல்லை. ஆனாலும் பதிப்பாளர்களின் கோபத்தை வெறும் பொறாமை என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. பழைய ஏடு அவர்கள் சொன்னபடி இருபத்திரண்டு ஆண்டுகள் வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பிரிவு அது. அதில் ஆங்கிலத்தில் பிறந்த நாவல் நுழைந்ததை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும்.

புத்தகப்புழு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அறிவித்தலில் ஒரு பிழை இருக்கிறதா என்று கேட்க வந்தவனுக்கு இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அக்காவின் தொகுப்பைப் பற்றி மட்டும் எவரும் சொல்லவில்லை. நேற்றும் கேட்டார். ஒண்டாச்சி இலங்கையில் பிறந்தவர்தானே, அவருக்குக் கிடைத்ததே, எனக்கு ஏன் கிடைக்காது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்புக்குப் பின்னால் கேள்வி உண்மையானதுதான்.

இருமொழிவாசி எழுதியது:

மன்னிக்க வேண்டும், மறந்து விட்டதல்ல. நல்ல பதில் இல்லாததால் தள்ளிப் போட்டேன்.

எழுதியவர் எங்கே பிறந்தார் என்பதை இந்த விருது பார்ப்பதில்லை. குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இருந்தால் போதும். அந்த வகையில் அக்கா சொன்னது முற்றிலும் சரி. மைக்கேல் ஒண்டாச்சி கொழும்பில் பிறந்து, 1962இல் கனடாவுக்கு வந்தவர். 1970 தொடங்கி 2007 வரை ஐந்து முறை இந்த விருதைப் பெற்றிருக்கிறார். மக்லெனனுக்குச் சமமான எண்ணிக்கை. அவற்றுள் 2000ஆம் ஆண்டு வென்ற 'அனில்ஸ் கோஸ்ட்' இலங்கைப் போரின் எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்து அடையாளம் காணும் கதை. பம்பாயில் பிறந்த ரொஹின்டன் மிஸ்திரி 1991இல் வென்றார். கிம் துய் சைகோனில் பிறந்தவர். ஆனால் இவர்கள் மூவரும் எழுதியது ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான். பிறப்புக்குத் தடையில்லாத இடத்தில் மொழிக்குத் தடையிருக்கிறது.

அக்காவின் தொகுப்பு மூலத்தில் தமிழ் என்பதால், ஆங்கிலப் புனைவுப் பிரிவு மூல ஆங்கில நூல்களுக்கு உரியது என்ற அளவில் அங்கே நுழையாது. மொழிபெயர்ப்புப் பிரிவோ ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையிலான போக்குவரத்துக்கு மட்டும் திறந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்கு நாற்காலி இருக்கிறது என்று நான் முன்பு பெருமையாகச் சொன்னேனே, அந்த நாற்காலி இரண்டு மொழிக்காரர்களுக்கு மட்டும் செய்யப்பட்டது. இந்த நாட்டில் இருந்துகொண்டு தமிழிலோ பஞ்சாபியிலோ இத்தாலியனிலோ எழுதுபவருடைய நூல், எவ்வளவு நன்றாகப் பெயர்க்கப்பட்டாலும், இந்தக் கட்டடத்துக்குள் எந்தக் கதவு வழியாகவும் வர முடியாது. 1958 வரை பிரெஞ்சு எழுத்தாளருக்காவது மொழிபெயர்ப்பு என்ற ஒரு பக்கக் கதவு இருந்தது!

நடைமுறையில் இன்னொன்று: நூலை அனுப்புவது ஆசிரியர் அல்ல, பதிப்பகம். ஆசிரியரே தன் செலவில் அச்சிட்ட நூல் ஏற்கப்படுவதில்லை. தமிழில் எழுதும் நம்மவர்களில் பலருக்கு இந்த விதியே போதும், மற்ற விதிகளைப் படிக்கத் தேவை வராது.

எதிர்க்கரை எழுதியது:

அப்படியானால் அக்காவிடம் ஹியூஸ்டனின் கதையைச் சொல்லுங்கள். பெயர்ப்பவர் பெயர்க்கட்டும். ஆனால் அக்காவுக்கு முப்பது ஆண்டு ஆங்கிலமும் கையில் இருக்கிறதல்லவா? அவரே உட்கார்ந்து அதே கதைகளை ஆங்கிலத்தில் இரண்டாம் முறை எழுதினால், அது மொழிபெயர்ப்பா மூலமா என்று நடுவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன், மற்றப் பாதி விளையாட்டல்ல.

பழைய ஏடு எழுதியது:

மொழிகளுக்கு இடையே உள்ள சுவரைப் பற்றிப் பேசுவதால் ஒரு குடும்பத்தை நினைவுபடுத்திவிட்டுப் போகிறேன். கவிஞர் எமில் மார்த்தெல் 1995இல் பிரெஞ்சுக் கவிதைக்காக இந்த விருதைப் பெற்றவர். அவர் மகன் யான் மார்த்தெல், வீட்டு மொழி பிரெஞ்சாக இருந்தும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர். நம் புதுச்சேரியில் தொடங்கும் அவருடைய 'லைஃப் ஒஃப் பை' 2001இல் ஆங்கிலப் புனைவின் இறுதிப்பட்டியலுக்கு வந்தது, வெல்லவில்லை. மறு ஆண்டு புக்கர் பரிசு பெற்றது. மகன் ஆங்கிலத்தில் எழுதிய அந்த நாவலைப் பிரெஞ்சுக்குப் பெயர்த்தவர்கள் அவருடைய தந்தையும் தாயும். ஒரே வீட்டுக்குள் ஒருவர் பிரெஞ்சுப் பிரிவிலும் மற்றவர் ஆங்கிலப் பிரிவிலும்!

புத்தகப்புழு எழுதியது:

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். பெயர்ப்பவரிடம் இருந்து கதைகளைத் திரும்ப வாங்குவதாக இல்லை என்றார். இரண்டாம் முறை எழுதுவதென்றால் இரண்டாம் முறையும் தமிழில்தான் எழுதத் தோன்றும் என்றார். ஆனால் ஹியூஸ்டனின் நாவலை அடுத்த மாதத்துக்கு வைக்கச் சொன்னார். கியூபெக்கில் படித்த மருமகள் பிரெஞ்சு வடிவத்தை வாசிப்பாள், தான் ஆங்கிலத்தை வாசிப்பாராம், இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்பார்களாம்.

திருத்திய அறிவித்தல் இன்று காலை போய்விட்டது: 'கிம் துய் பிரெஞ்சில் எழுதி, 2010ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புனைவுக்கான ஆளுநர் நாயகம் இலக்கிய விருதைப் பெற்ற ரு. ஆங்கிலத்தில்: ஷீலா ஃபிஷ்மன்.' முதலில் தொலைபேசியில் அழைத்த உறுப்பினர் இம்முறையும் அழைத்தார். கூட்டம் நடக்கும் அறை இலக்கத்தை விட்டுவிட்டேனாம்.